இலையின் பச்சையும் குருதியின் சிவப்பும்

கீரையை வேகவைக்கும்போது புளியைச் சேர்த்தால் அதன் பசுமை மங்கிப் பழுப்பு நிறமாகும். சிறிது ஆப்பச் சோடாவைத் தூவினால் பசுமை மாறாது நிற்கும். இதனை அறியாத இல்லத்தரசியர் இலர். ஆனால் புளியானது அக்கீரையிலிருந்து எதனைப் பறித்துக்கொண்டது என்று வினவினால் விடை கூறுவோர் சிலரே. அவ்விடையைக் கண்டறிய ஐரோப்பிய இரசாயன அறிஞர்க்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் சென்றன. அதனைத் தேடிச் சென்ற வழியில், இலையின் பச்சையும் குருதியின் சிவப்பும் ஒரு குடியிற் பிறந்தவை என்னும் உண்மையும் வெளிப்பட்டது. அவ்வுண்மை இன்று உணவுத் தொழிலிலும் மருத்துவத்திலும் பயன்படுகின்றது. அது கண்டறியப்பட்ட வரலாறோ உழைப்பும் பிணக்கும் துயரமும் விரவியது.

போர்பிரின் என்பது யாது?

நான்கு கரி அணுக்களும் ஒரு நைட்ரஜன் அணுவும் கைகோத்து நிற்கும் சிறு வளையத்திற்குப் பிர்ரோல் என்று பெயர். இத்தகைய நான்கு சிறு வளையங்களை நான்கு கரி அணுக்கள் பாலம்போல் இணைக்க, ஒரு பெரு வளையம் உண்டாகின்றது. இதுவே போர்பிரின். ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று பிறந்த பெயர் இது. பெரு வளையத்தின் நடுவே நான்கு நைட்ரஜன் அணுக்களும் உள்நோக்கி நிற்கின்றன. அவை ஓர் உலோக அணுவைப் பற்றிக்கொள்ள வல்லவை.

மோதிரம் ஒன்றே, அதிற் பதிக்கும் கல்லே வேறு எனலாம். இரும்பைப் பதித்தால் குருதிக்குச் செம்மை தரும் ஹீம் ஆகின்றது. மக்னீசியத்தைப் பதித்து, வளையத்தின் ஓரங்களிற் சில மாறுதல்களைச் செய்து, நீண்ட வால் ஒன்றையும் சேர்த்தால் இலைக்குப் பசுமை தரும் பச்சையம் ஆகின்றது. பி 12 என்னும் வைட்டமினிலும் இதற்கு நெருங்கிய உறவுடைய வளையமே உளது. அதன் நடுவே இருப்பது கோபால்ட் என்னும் உலோகம். கல்லைக் கழற்றலாம், வேறு கல்லை வைக்கலாம், ஓரத்து வேலைப்பாட்டை மாற்றலாம் என்பதே இந்நிறப்பொருள்களைப் பற்றிய இரசாயனம் முழுவதற்கும் அடிப்படையாகும்.

இரும்பைக் கழற்றியவர்

குருதி சிவப்பாக இருப்பது அதிலுள்ள இரும்பினாலேயே என்று முற்காலத்து அறிஞர் பலர் எண்ணினர். இரும்புத் துரு செந்நிறமாதலின் அவ்வெண்ணம் இயல்பானதே. 1841இல் ஷெரர் என்னும் ஜெர்மானியர் உலர்ந்த குருதியைக் கடுமையான கந்தக அமிலத்திலிட்டு அதன் இரும்பை நீக்கினார். எஞ்சிய பொருளைச் சாராயத்திற் கரைத்தபோது கரைசல் இன்னும் செந்நிறமாகவே இருந்தது. நிறம் இரும்பினுடையதன்று, அதனைத் தாங்கும் வேறொரு பொருளுடையது என்பது இதனால் விளங்கிற்று. அவர் உண்டாக்கிய பொருளுக்குப் பின்னர் 1871இல் ஹீமட்டோபோர்பிரின் என்று பெயரிட்டவர் ஹோப்பே சைலர் ஆவர். குருதியின் செந்நிறப் புரதத்திற்கு 1864இல் ஹீமோகுளோபின் என்று பெயர் சூட்டியவரும் அவரே.

1853இல் டைக்மன் என்னும் போலந்து நாட்டு அறிஞர், காய்ந்த குருதியுடன் சிறிது உப்பும் அசிட்டிக் அமிலமும் சேர்த்துச் சூடாக்கிப் பழுப்பு நிறப் படிகங்களைப் பெற்றார். இவை ஹீமின் எனப்படும். துணியிலோ கத்தியிலோ உள்ள பழங்கறை குருதிதானா என்று துப்பறிவோர் அறிதற்கு இப்படிகங்கள் நெடுங்காலம் துணை செய்தன. இயற்கையில் உள்ள போர்பிரினைச் சற்றே மாற்றி மனிதன் பயன்கொண்ட முதல் முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

இரு வழியும் ஒன்று கூடியது

இலையின் நிறப்பொருளுக்குக் குளோரோபில் என்று பெயரிட்டவர் பாரிஸ் நகரத்துப் பெல்லத்தியே, காவந்தூ என்னும் இருவர். ஆண்டு 1817. பச்சை என்றும் இலை என்றும் பொருள்படும் கிரேக்கச் சொற்கள் இரண்டைச் சேர்த்து அவர்கள் அப்பெயரை ஆக்கினர். மலேரியாக் காய்ச்சலுக்குரிய கொய்னாவை 1820இற் பிரித்தெடுத்தவரும் இவ்விருவரே.

1880ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஹோப்பே சைலர் பச்சையத்தைக் கடுங்காரத்துடன் சேர்த்துச் சூடாக்கி ஒரு செந்நிறப் பொருளைப் பெற்றார். அதன் ஊடே ஒளியைச் செலுத்தி நிறமாலையை நோக்கியபோது, குருதியிலிருந்து பெற்ற போர்பிரினின் நிறமாலையை அது பெரிதும் ஒத்திருந்தது. எனினும் நிறமாலை ஒத்திருத்தல் சான்று ஆகுமேயன்றி முடிந்த முடிபு ஆகாது.

அம்முடிபை நோக்கி அடுத்த அடியை எடுத்து வைத்தவர் போலந்து நாட்டவர் இருவர். மார்செலி நென்ஸ்கி ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குருதியை ஆராய்ந்துகொண்டிருந்தார். லியோன் மார்க்லெவ்ஸ்கி இங்கிலாந்தில் மான்செஸ்டரை அடுத்த ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் பச்சையத்தை ஆராய்ந்தவர். குருதியின் ஹீமினைச் சிதைத்தபோது கிட்டிய பிர்ரோல் பொருளே, பச்சையத்தினின்று வந்த பொருளைச் சிதைத்தபோதும் கிட்டிற்று என்று 1901இல் அவர்கள் காட்டினர். விலங்கும் தாவரமும் தத்தம் உயிர்நாடியான நிறப்பொருளை ஒரே வகைச் செங்கல்லால் கட்டியுள்ளன என்பது அன்று தெளிவாயிற்று. அவ்வாண்டிலேயே நென்ஸ்கி காலமானார்.

சுண்ணாம்புக் குழாயும் ஒரு பிணக்கும்

பச்சையம் ஒரே பொருளா, பலவற்றின் கலவையா என்னும் வினா அடுத்து எழுந்தது. ரஷ்யத் தாவர நூலறிஞர் மிக்காயில் ஸ்வெட் என்பவர் 1903இல் வார்சா நகரில் ஒரு புதிய முறையை விளக்கினார். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத்தூள் போன்றதொரு பொருளை இறுக நிரப்பி, இலைச் சாயத்தின் கரைசலை மேலிருந்து ஊற்றினார். கரைசல் இறங்க இறங்க மஞ்சளும் பச்சையும் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து நின்றன. பச்சையில் ஏ, பி என இரு வகை உண்டு என்பதை யாவரும் கண்ணாற் காணும்படி செய்தது இம்முறை. 1906இல் அவர் இதற்குக் குரோமட்டோகிராபி, அஃதாவது நிறத்தை வரைதல், என்று பெயரிட்டார்.

இரசாயன அறிஞர் இதனை வரவேற்றனர் அல்லர். இலைக்கும் குருதிக்கும் உறவு கண்ட மார்க்லெவ்ஸ்கியே ஸ்வெட்டைக் கடுமையாக எதிர்த்து எழுதினார். தாவர நூலறிஞர் ஒருவர் இரசாயனத்திற் கைவைத்தது பிழை என்னும் மனப்பான்மை அவ்வெதிர்ப்பில் மறைந்து கிடந்தது. ஸ்வெட் 1919இல் வரோனேஷ் நகரில் 47 வயதில் இறந்தார். 1931இல் ஹைடல்பர்க் நகரத்து அறிஞர்கள் அவருடைய குழாயை மீண்டும் கையிலெடுத்தனர். அதன்பின் அது உலகெங்கும் பரவிற்று. இன்று மருந்துச் சோதனையும் உணவுச் சோதனையும் அம்முறையின் வழித்தோன்றல்கள் இன்றி நடைபெறா.

ஸ்வெட்டின் முறையை நம்பாதவர்களுள் ரிச்சர்ட் வில்ஸ்டேட்டரும் ஒருவர். ஆயினும் பச்சையத்தின் இயல்பை வெளிப்படுத்திய பெருமை அவரையே சாரும். ஜூரிச் நகரில் அவரும் அவர்தம் மாணவரும் 200க்கு மேற்பட்ட தாவரங்களின் இலைகளை ஆராய்ந்தனர். எல்லாவற்றிலும் பச்சையம் ஒன்றே என்று கண்டனர். இலையை எரித்த சாம்பலில் மக்னீசியம் கிடைப்பது முன்பே தெரிந்ததுதான். அதனை மண்ணிலிருந்து வந்து ஒட்டிய மாசு என்று பலர் தள்ளிவிட்டனர். அது மாசு அன்று, பச்சையத்தின் நடுவே வீற்றிருக்கும் உறுப்பே என்று 1906இல் வில்ஸ்டேட்டர் நிறுவினார். அமிலம் பட்டால் மக்னீசியம் கழன்றுவிடும். எஞ்சுவது ஆலிவ் காயின் பழுப்புப் பச்சையுடைய பீயோபைட்டின் என்னும் பொருள். புளி கீரையிலிருந்து பறித்தது மக்னீசியத்தையே என்பது இவ்வாறு தெளிந்தது.

1915இல் அவருக்கு நோபல் பரிசு கிட்டிற்று. ஆனால் அவர் யூதர். மியூனிக் பல்கலைக்கழகத்தில் யூதர் என்ற காரணத்தால் தகுதியுடையார்க்குப் பதவி மறுக்கப்படுவதைக் கண்டு, 1924இல் தம் பேராசிரியர் பதவியைத் துறந்தார். 1939இல் நாட்டை விட்டு ஸ்விட்சர்லாந்துக்குத் தப்பிச் சென்று, 1942இல் அங்கே உயிர் நீத்தார்.

வளையத்தைக் கட்டியவர்

பிர்ரோல்கள் நான்கும் எவ்வாறு இணைந்துள்ளன? அவை பெரியதொரு வளையமாக நிற்கின்றன என்று 1912இல் வில்லியம் கியூஸ்டர் கூறினார். அத்துணைப் பெரிய வளையம் நிலைத்து நில்லாது என்று அக்கால அறிஞர் மறுத்தனர். மறுத்தவருள் ஹான்ஸ் பிஷரும் ஒருவர். மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரிப் பேராசிரியரான பிஷர், மருத்துவமும் இரசாயனமும் ஒருங்கே கற்றவர். அவர்தம் ஆய்வுக்கூடத்தில் 60,000க்கு மேற்பட்ட நுண்பகுப்புகள் செய்யப்பட்டன. எளிய பொருள்களிலிருந்து தொடங்கி, துண்டு துண்டாக இணைத்து, 1929இல் ஹீமினையே அவர் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். குருதியிலிருந்து பெற்ற ஹீமினுக்கும் அதற்கும் வேறுபாடு காணப்படவில்லை. கியூஸ்டர் கூறிய வளையமே மெய் என்பதைத் தாம் முன்னர் மறுத்த கருத்துக்குத் தம் கையாலேயே சான்றளித்து நிலைநாட்டினார். 1930இல் நோபல் பரிசு அவரை அடைந்தது.

அவர்தம் மாணவருள் ஆல்பிரட் டிரைப்ஸ் என்பவர் 1934இல் வியத்தகு செய்தியொன்றைக் கண்டார். பூமிக்கடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயில் போர்பிரின்கள் இருந்தன! ஆனால் மக்னீசியம் இருந்த இடத்தில் வனேடியம் என்னும் உலோகம் அமர்ந்திருந்தது. பல கோடி ஆண்டுகட்கு முன் மண்ணுட் புதைந்த பச்சையத்தை இயற்கையே மாற்றி அமைத்துவிட்டது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் முன்னாளில் உயிர்வாழ்ந்தவற்றின் எச்சம் என்பதற்கு இஃது உறுதியான சான்றாயிற்று. கல்லெழுத்தைப் படித்து மன்னர் வரலாற்றை அறிவது போல், எண்ணெயிற் கரைந்த நிறப்பொருளைப் படித்து மண்ணின் வரலாற்றை அறியும் துறை இதனின்று வளர்ந்தது.

1940 அளவில் பச்சையத்தின் அமைப்பையும் பிஷர் வகுத்து முடித்தார். அதனைச் செயற்கையாக ஆக்குவதே எஞ்சியிருந்தது. அதற்குள் போர் மூண்டது. குண்டுவீச்சில் அவர்தம் ஆய்வுக்கூடம் அழிந்தது. வாழ்நாள் உழைப்பு சாம்பலானதைக் கண்ட பிஷர், போர் முடிவதற்குச் சில வாரங்களே இருந்தபோது, 1945 மார்ச் 31ஆம் நாள் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் விட்ட பணி 1960இல் நிறைவெய்தியது. அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் உட்வார்ட் 17 துணைவர்களுடன் பச்சையத்தை ஆக்கினார். அதே ஆண்டில் மியூனிக்கில் பிஷரின் மாணவர் ஸ்ட்ரெல்லும் அவர்தம் துணைவரும் அதே இலக்கை எய்தினர்.

செம்பு பதித்த பச்சை

இனி இப்பொருள்களை மாற்றிப் பயன்கொண்ட வகையைக் காண்போம். பட்டாணியைப் புட்டியிலோ தகரத்திலோ அடைத்து வேகவைத்தால் அதன் நிறம் கெடும். 19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வணிகர் அத்துடன் சிறிது மயில்துத்தம் சேர்த்தனர். பட்டாணி பளிச்சென்ற பச்சையாகவே இருந்தது. மக்னீசியம் கழன்ற இடத்தில் மயில்துத்தத்திலுள்ள செம்பு புகுந்துகொண்டது என்பதே இதன் மறைபொருள். செம்பு அவ்விடத்தை இறுகப் பற்றிக்கொள்வதால், மென்மையான அமிலம் அதனை அசைக்க இயலாது. ஆனால் கணக்கின்றிச் சேர்க்கும் செம்பு உடலுக்குத் தீங்கு. ஈயம் பூசாத செம்புப் பாத்திரத்திற் புளிக்குழம்பு வைத்தலாகாது என்று நம் முன்னோர் விலக்கியதும் இதுபற்றியே. ஆகவே பல நாட்டு அரசுகள் அவ்வழக்கத்திற்குக் கட்டுப்பாடு விதித்தன.

இன்று அதே மாற்றம் ஒழுங்குடன் தொழிற்சாலையில் நடைபெறுகின்றது. இலைச்சத்தைக் காரத்துடன் சேர்த்தால் பச்சையத்தின் நீண்ட வால் அறுபடும். எண்ணெயில் மட்டும் கரைந்த பொருள் நீரிலும் கரையும் தன்மை பெறும். பின்னர் செம்பு சேர்த்துத் தூய்மை செய்கின்றனர். ஐரோப்பிய உணவுப் பட்டியலில் ஈ 141 என்னும் எண்ணுடைய நிறம் இதுவே. 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதனைப் பற்பசையிலும் சவர்க்காரத்திலும் சேர்த்து, உடல் நாற்றம் போக்கும் அருமருந்து என்று அமெரிக்காவில் விளம்பரம் செய்தனர். நாள் முழுதும் பச்சிலை மேயும் வெள்ளாட்டின் நாற்றம் ஏன் போகவில்லை என்று நகைத்தனர் சிலர். விளம்பரம் ஓய்ந்தது, நிறம் மட்டும் நிலைத்தது.

நோய் செய்யும் ஒளி, நோய் தீர்க்கும் ஒளி

மியூனிக் நகரில் 1897-98ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ஆஸ்கார் ராப் என்னும் மருத்துவ மாணவர், நீரில் வாழும் ஓரணு உயிர்களைச் சாயங்களில் இட்டுச் சோதித்தார். ஒரே அளவு சாயத்தில் அவை ஒருநாள் விரைந்து மடிந்தன. மற்றொரு நாள் நெடுநேரம் உயிர் வாழ்ந்தன. ஆராய்ந்தபோது, சாயம் மட்டும் கொல்லவில்லை, சாயமும் ஒளியும் சேர்ந்தே கொல்லுகின்றன என்பது புலனாயிற்று. சாயம் ஒளியின் ஆற்றலை வாங்கி அருகிலுள்ள பிராணவாயுவுக்கு அளிக்கின்றது. ஆற்றல் மிகுந்த பிராணவாயு உயிரணுவைச் சிதைக்கின்றது.

போர்பிரினுக்கும் இவ்வியல்பு உண்டா? ஜெர்மானிய மருத்துவர் மேயர் பெட்ஸ் இதனை விலங்கிலன்றித் தம் உடலிலேயே சோதித்தார். 1912 அக்டோபர் 14ஆம் நாள் 200 மில்லிகிராம் ஹீமட்டோபோர்பிரினைத் தம் நரம்பில் ஏற்றிக்கொண்டார். பின்னர் வெயில் பட்ட முகமும் கையும் பெரிதும் வீங்கி உருமாறின. வெயிலைத் தாங்க இயலாத நிலை அவரை விட்டு நீங்கப் பல வாரங்கள் ஆயின. போர்பிரியா என்னும் பரம்பரை நோயுடையார் சிலர் வெயிலைக் கண்டு அஞ்சுவது ஏன் என்பது இதனால் விளங்கிற்று. அவர்தம் உடலில் ஹீம் உண்டாகும் பணி இடையில் தடைப்பட, போர்பிரின் தேங்கிவிடுகின்றது. குருதியிலிருந்து தூய்மைப்படுத்திய ஹீமினையே ஊசிவழி ஏற்றினால், போர்பிரியாவின் கடுமையான வகைகளிற் சிலவற்றுக்கு அது மருந்தாகும். 1983இல் அமெரிக்க அரசு அதற்கு இசைவு தந்தது. டைக்மன் துப்பறிவோர்க்கு அளித்த படிகம் நோயாளர்க்கும் உதவிற்று.

1924இல் லியோன் நகரத்துப் பொலிக்கார், எலிகளின் கட்டிகள் சில புறவூதா ஒளியிற் செந்நிறமாக ஒளிர்வதைக் கண்டார். போர்பிரின் அங்கே தங்குவதே காரணம் என்று கருதினார். ஒளியால் கொல்லும் பொருள் கட்டியிலே தங்குமாயின், அதனைக் கொண்டே கட்டியை அழிக்கலாமே! இவ்வெண்ணம் செயலுருப் பெற அரை நூற்றாண்டு சென்றது. ஹீமட்டோபோர்பிரின் எனப்பட்டது ஒரு கலவை என்று 1955இல் ஷ்வார்ட்ஸ் கண்டு, அதனை அசிட்டிக், கந்தக அமிலங்களால் மாற்றினார். மாற்றிய பொருள் கட்டியில் நன்கு தங்கிற்று. அமெரிக்க மருத்துவர் லிப்சன் 1961இல் அதனைக் கொண்டு கட்டியைக் கண்டறியும் வழியை வெளியிட்டார். பபலோ நகரில் தாமஸ் டவர்ட்டி 1978இல் அறிவித்த ஆய்வில், 25 நோயாளரின் 113 தோற்கட்டிகளுள் 111 செவ்வொளிக்கு முற்றிலுமோ ஓரளவோ கரைந்தன. அம்மருந்துக்கு 1993இல் கனடா முதலில் இசைவு அளித்தது.

ஆயினும் குறை ஒன்று இருந்தது. மருந்தேற்றவர் 30 நாளாயினும் வெயிலில் நடமாடலாகாது. மேலும் அம்மருந்து கொள்ளும் 630 நானோமீட்டர் செவ்வொளி தசையினுள் ஆழச் செல்வதில்லை. வளையத்திலுள்ள இரட்டைப் பிணைப்புகளுள் ஒன்றைக் குறைத்தால் அது கொள்ளும் ஒளி இன்னும் ஆழ்சிவப்பாகும். அத்தகைய ஒளி தசையை ஊடுருவும். பச்சையம் இயல்பாகவே அவ்வாறு அமைந்தது. பச்சையத்திலிருந்து மக்னீசியத்தை நீக்கி ஆக்கிய மருந்து ஒன்று 2003இல் ஜப்பானில் நுரையீரற் புற்றுநோய்க்கு இசைவு பெற்றது. ஒளியால் வாழும் ஒருவகை நுண்ணுயிரின் பச்சையத்தை மாற்றி ஆக்கிய மற்றொன்று 2017இல் ஐரோப்பாவில் இசைவு பெற்றது. ஹீமின் வளையத்தை மாற்றி ஆக்கிய வெர்ட்டெபோர்பின் 2000 முதல் முதியோர் கண்ணோய்க்குப் பயன்பட்டது. பின்னர் வந்த ஊசிமருந்துகள் அதன் முதலிடத்தைக் கைப்பற்றின.

பச்சை குருதியாகுமா?

இவ்வுறவை அறிந்தோர் சிலர், பச்சிலைச் சாற்றைப் பருகினால் அதன் மக்னீசியம் போய் இரும்பு புகுந்து குருதியாகிவிடும் என்று கூறுவர். சோகை பிடித்த பிள்ளைக்கு மருத்துவரை நாடாது இதனையே கொடுத்து நாளைக் கடத்துவோரும் உளர். ஆசிரியர்கள் இதனைத் தெளிவுபடுத்தல் வேண்டும்.

நியூயார்க் நகரில் டேவிட் ஷெமின் என்பவர் 1945இல் கனத்த நைட்ரஜனால் அடையாளமிட்ட கிளைசின் என்னும் எளிய புரதக்கூறு 66 கிராம் உண்டார். பின்னர் தம் குருதியை எடுத்து ஆராய்ந்தபோது அவ்வடையாளம் ஹீமின் நைட்ரஜனில் காணப்பட்டது. செவ்வணுக்கள் ஏறத்தாழ நான்கு திங்கள் வாழ்கின்றன என்பதும் அச்சோதனையால் தெரிந்தது. உடல் தன் ஹீமைச் சிறு பொருள்களிலிருந்து தானே கட்டிக்கொள்கின்றது. இலையின் வளையத்தை வாங்கிக் கல்லை மாற்றிக்கொள்வதில்லை. கீரை நல்லுணவே. அதன் நன்மை அதிலுள்ள இரும்பு, ஃபோலிக் சத்து முதலியவற்றால் வருவது; பச்சை நிறத்தால் வருவதன்று.

உண்மையான உறவைக் காண விரும்புவோர் மாணவரை ரப்பர்த் தோட்டத்திற்கு அழைத்துச் செல்லலாம். மண்ணை மூடிப் படரும் அவரை இனக் கொடியின் வேரைப் பறித்து, அதிலுள்ள சிறு முடிச்சு ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். அது ஹீமோகுளோபின் இனத்ததே என்று 1939இல் ஜப்பானியர் கூபோ காட்டினார். மேலே இலையில் மக்னீசியம் பதித்த வளையம். கீழே வேரில் இரும்பு பதித்த வளையம். அமிலமும் காரமும் கொண்டு நூறாண்டு தேடிய உறவை, ஒரே கொடி இரு கையிலும் ஏந்தி நிற்கின்றது.